அவர் படித்த பர்மா

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. வேண்டிய அளவு அச்சில் வந்துவிட்ட பெயர் அது. என் கையாலும் ஒரு முறை வரவேண்டாம்.

திருவள்ளூரில், இப்போது மணவாள நகர் என்கிறார்களே, அந்தப் பக்கத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டை ஒட்டிய வீடு அவருடையது. நடுவில் ஒற்றைச் சுவர்தான். அவர் மூக்குப்பொடி போட்டுத் தும்மினால் எங்கள் அடுப்படியில் கேட்கும். மதராஸில் ஒரு சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா. காலை ரயிலில் போய் சாயங்கால ரயிலில் திரும்புவார். மேற்கே கடம்பத்தூரில் மாமனார் வீடு, கிழக்கே மதராஸில் ஆபீசு. இந்த இரண்டையும் தாண்டி அவர் எங்கேயும் போனதில்லை. ஆனாலும் அந்த ஐம்பதுகளில், கதை படிக்கிற தமிழர்களுக்குப் பர்மா என்றால் அவர்தான்.

வாரப் பத்திரிகையில் அவருடைய தொடர்கதை வராத வருஷமே கிடையாது. தேக்குக் காடு, யானைக் கூட்டம், மாணிக்கச் சுரங்கம், நிலா வெளிச்சத்தில் ஐராவதி ஆற்றில் போகும் படகு. தலையில் பூவும் வாயில் சுருட்டுமாக வளைந்து நிற்கிற பர்மியப் பெண்கள். இடுப்பில் கத்தி செருகிய அவர்களுடைய புருஷன்மார். நடுவே சோம்பேறிகளாக, திருடர்களாக, அடி வாங்கினால்தான் எழுந்திருக்கிறவர்களாகத் தமிழ்க் கூலிகள். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் பத்திரிகை வாங்கினால் பல வீடுகளில் படிப்பார்கள். படித்துவிட்டு என் அம்மாவிடம் வந்து, "அங்க அப்படியாக்கா?" என்று கேட்பார்கள். அம்மா தையல் மிஷினை நிறுத்தாமலே, "எனக்குத் தெரிஞ்சு இல்லம்மா" என்பாள்.

அம்மாவுக்குத் தெரியும். நான் பிறந்ததே ரங்கூனில்தான். அப்பா அங்கே துறைமுகத்தை ஒட்டிய ஒரு அரிசி மண்டியில் வேலை பார்த்தார். ஜப்பான்காரன் குண்டு போட்டபோது அங்கேயே செத்துப்போனார். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது இருக்கும். அம்மா என்னையும் என் தங்கை சரசுவையும் கூட்டிக்கொண்டு மற்றவர்களோடு மாந்தலேவுக்கு ஓடி, அங்கிருந்து மணிப்பூர்வரை நடந்தாள். இந்தியா வந்து சேர்ந்தது அம்மாவும் நானும் மட்டும். ஆரம்பாக்கத்தில் மாமா வீட்டில் கொஞ்ச காலம் ஒண்டியிருந்தோம். நான் படித்து, திருவள்ளூரில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை கிடைத்த பிறகுதான் இந்த வீட்டுக்கு வந்தோம்.

அவருடைய பர்மா மூர் மார்க்கெட்டிலிருந்து வந்தது. பழைய புத்தகக் கடையில் வாங்கிய இரண்டு இங்கிலீஷ் பயண நூல்கள். ஒன்று, படகில் போய் ஊர் பார்த்த ஒரு வெள்ளைக்காரச் சீமாட்டி எழுதியது. மற்றது, அங்கே பல வருஷம் சுற்றிவிட்டு யுத்தத்தில் தப்பி வந்த ஒரு வெள்ளைக்கார அதிகாரி எழுதியது. இரண்டுக்கும் காக்கி அட்டை போட்டு வைத்திருந்தார். கை கழுவி, வேட்டியில் துடைத்த பிறகுதான் தொடுவார். யாராவது பேச வந்தால் புத்தகத்தை மூடமாட்டார். படித்துக்கொண்டிருந்த பக்கத்தில் ஆள்காட்டி விரலைச் செருகிக்கொண்டு, எப்போது முடிப்பீர்கள் என்கிற முகத்தோடு கேட்பார்.

நாங்கள் பர்மாவிலிருந்து வந்தவர்கள் என்று தெரிந்ததும் அவரே எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் புத்தகம், புத்தகத்துக்குள் விரல். ரங்கூன் கடைத்தெரு எப்படியிருக்கும் என்று அம்மாவைக் கேட்டார். அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். டிராம் வண்டி, தமிழ் எழுத்துப் போட்ட கடைகள், பக்கத்து வீட்டுப் பர்மாக்காரி தனாக்கா மரப்பட்டையைக் கல்லில் இழைத்து எங்கள் கன்னத்தில் பூசிவிடுவது என்று சொல்லிக்கொண்டே போனாள். கொஞ்ச நேரம் கேட்டவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"இல்லம்மா. புத்தகத்துல வேற மாதிரி போட்டிருக்குது."

"இன்னா சார், அத்தினி வருஷம் அங்க குடித்தனம் பண்ணிக்கினு இருந்தேன். எனக்குத் தெரியாதா?"

"குடித்தனம் பண்றவங்களுக்கு அடுப்படிதாம்மா தெரியும். ஊர் பார்க்கணும்னு போறான் பாருங்க, அவனுக்குத்தான் ஊர் தெரியும்."

அம்மா சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். அன்றைக்கு அது எங்களுக்கு வேடிக்கையாக இருந்தது.

அவருடைய ஒரு கதையில் ங்கப்பி வந்தது. மீனைப் புளிக்கவைத்துப் பர்மாவில் சோற்றோடு சேர்த்துக்கொள்கிற விழுது. கதாநாயகன் அந்த வாடை தாங்காமல் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, மனிதர்கள் இதையா தின்பார்கள் என்று நினைப்பான். கைக்குட்டை அந்தச் சீமாட்டியுடையது. அவள் புத்தகத்தில் அப்படியே இருக்கிறதென்று அவரே எனக்குப் பெருமையாகக் காட்டினார். அவர் அதைக் காட்டிக்கொண்டிருந்தபோது அவர் வீட்டு அடுப்பில் பழவேற்காட்டுக் கருவாடு வெந்துகொண்டிருந்தது. "குழம்பு ஆச்சா?" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். கருவாட்டுக் குழம்பு என்றால் அவருக்கு உயிர். எனக்கு முதல்முதலாக அவரிடம் ஒரு அருவருப்பு தட்டியது அன்றைக்குத்தான். ஒரு வெள்ளைக்காரியின் மூக்கை வாங்கி ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மனுஷன் என்று தோன்றியது.

இதில் இன்னும் கேவலம் ஒன்று உண்டு. அவர் மனைவி ஒருநாள் எங்கள் வீட்டில் ரவிக்கைக்கு அளவு கொடுத்துக்கொண்டே அம்மாவிடம் சொன்னார்.

"எங்க மாமனாரே ரங்கூன் போய் வந்தவருதாங்கா. அரிசி ஆலையில மூட்டை தூக்கினாராம்."

"உங்க ஊட்டுக்காரரு சொல்லவே இல்லியே!"

"எப்படிச் சொல்லுவாரு? கூலின்னு தெரிஞ்சுடுமே. கெழவரு கடைசி காலத்துல கட்டில்ல படுத்துக்கினு ரங்கூன் கதைய எடுப்பாரு. இவரு உடனே அந்தப் புக்க எடுத்துக்கினு கொல்லைப்பக்கம் போய்டுவாரு. எனக்குத்தான் சொல்லுவாரு அவரு, பாவம்."

அப்பன் மூட்டை தூக்கிய ஊரை, அந்த மூட்டைகளுக்கு மேலே உட்கார்ந்து வேடிக்கை பார்த்தவர்களிடம் போய்க் கேட்டிருக்கிறார். அவர் கதைகளில் வருகிற அத்தனை சோம்பேறிக் கூலிகளையும் அதற்கப்புறம் என்னால் படிக்க முடியவில்லை. வெட்கத்தினால் செய்தார் என்று பின்னாளில் ஒருவர் என்னிடம் சமாதானம் சொன்னார். வெட்கம் எல்லாருக்கும்தான் இருக்கிறது. அதை விற்று யாரும் பட்டுச் சால்வை வாங்குவதில்லை.

யுத்தகாலத்து நடைப்பயணத்தை வைத்து அவர் ஒரு பெரிய தொடர் ஆரம்பித்தார். அதற்காக மறுபடி அம்மாவிடம் வந்தார். இந்தத் தடவை மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்தார். விரல்கூடப் புத்தகத்தில் இல்லை. "நடந்ததைச் சொல்லுங்கம்மா" என்றார்.

அந்த நடையைப் பற்றி அம்மாவும் நானும் ஒரு நாளும் பேசிக்கொண்டதில்லை. இவரிடம் சொல்லமாட்டாள் என்றுதான் நினைத்தேன். சொன்னாள். வழியில் சரசுவுக்குக் காய்ச்சல் கண்டது. அப்போது அவளுக்கு ஐந்து வயது. அம்மா அவளைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். கால் வீங்கி நடக்க முடியாமல்போன இடத்தில் ஒரு பர்மியக் கிராமம். ஆற்றங்கரையில் வெள்ளையடித்த சின்ன பகோடா, பக்கத்தில் எள் ஆட்டுகிற செக்கு. செக்குக்காரன் மனைவி, மா டின் என்று பெயர், குழந்தையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இதைக் காட்டுக்குள் கொண்டுபோனால் செத்துவிடும், என்னிடம் விட்டுப் போ, பிழைத்தால் வளர்த்து வைக்கிறேன், சண்டை முடிந்ததும் வந்து வாங்கிக்கொள் என்றாள். அம்மா அந்த வீட்டில் ஒருநாள் முழுக்க உட்கார்ந்திருந்தாள். எங்களோடு வந்தவர்கள் கிளம்பியபோது, என்னைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அதன்பிறகு எழுதிப்போட்டதற்கெல்லாம் எந்தத் தகவலும் வரவில்லை.

அவரும் மனைவியும் போன பிறகு, "இந்த ஆளுகிட்ட எதுக்கும்மா சொன்ன?" என்று கேட்டேன்.

"பத்திரிகை ரங்கூனுக்குக் கப்பல்ல போவுதாம்டி. அங்க இருக்கிற தமிழ்க்காரங்க படிப்பாங்க. செக்கு, பகோடா, மா டின்னு எல்லாத்தையும் போட்டார்னா யாராவது ஒருத்தர் கண்டுபிடிக்க மாட்டாங்களா?"

தொடரில் அந்தப் பகுதி வரப்போகிற வாரத்துக்காக அம்மா காத்துக்கொண்டிருந்தாள். பத்திரிகை வந்ததும் எதிர்வீட்டுப் பெண் எங்கள் வீட்டிலேயே உட்கார்ந்து உரக்கப் படித்தாள். கதையில் ஒரு கூலிப் பெண் காய்ச்சலில் கிடக்கும் குழந்தையை ஒரு மரத்தடியில் இறக்கிவைக்கிறாள். கையை உதறிக்கொள்கிறாள். திரும்பிப் பார்க்காமல் நடக்கிறாள். 'மூட்டையில் ஒன்று குறைந்தது என்கிற நிம்மதியைத் தவிர அந்த முகத்தில் ஒன்றும் இல்லை' என்று எழுதியிருந்தார். செக்கு இல்லை. மா டின் இல்லை. படித்துக்கொண்டிருந்த பெண்ணின் குரல் இறங்கி, அப்படியே நின்றுவிட்டது.

அம்மா கத்தரிக்கோலை வைத்துவிட்டு எழுந்து அடுத்த வீட்டுக்குப் போனாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

அவருக்குக் கொஞ்சமும் சங்கடம் இல்லை. அதுதான் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. "உட்காருங்கம்மா" என்று பலகையைக் காட்டிவிட்டு, அந்த அதிகாரியின் புத்தகத்தை எடுத்து வந்து பக்கத்தைத் திறந்தார். இங்கிலீஷில் ஒரு பத்தி வாசித்தார். பிறகு எங்களுக்காகத் தமிழில் சொன்னார். மூட்டை, முகம், நிம்மதி எல்லாம் அதிலேயே இருந்தன.

"நீங்க சொன்னது உங்களுக்கு நடந்தது. அதை நான் தப்புன்னு சொல்லல. ஆனா இவரு ஆயிரக்கணக்கான ஜனங்களைப் பார்த்தவரு. லாரியில போய்க்கினே எல்லாத்தையும் குறிச்சிக்கினு வந்தவரு. நாவல்னா பொதுவா நடந்ததைத்தான் எழுதணும்."

அம்மா அந்தப் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"லாரியிலயா வந்தாரு?"

"ஆமாம்மா. வெள்ளைக்காரங்களுக்கு லாரி விட்டாங்க."

"லாரியில எடம் இருந்துச்சா சார்?"

"இன்னா?"

"ஒரு கொழந்தையத் தூக்கி வெச்சிக்கிற அளவுக்கு அந்த லாரியில எடம் இருந்துச்சான்னு போட்டிருக்காரா?"

அவர் என்ன செய்தார் தெரியுமா? குனிந்து தேடினார். நிஜமாகவே அந்தப் பக்கத்தைப் படித்துப் பார்த்தார்; திருப்பி அடுத்த பக்கத்தையும் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "அது போடலம்மா" என்றார்.

அந்தத் தொடர் புத்தகமாக வந்தது. ஒரு சங்கத்தில் அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். ரங்கூனில் இருந்த தமிழர்கள் ஒரு விழாவுக்கு அவரைக் கூப்பிட்டார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக அவர் கப்பல் ஏறப்போகிறார் என்று தெருவே பேசியது.

அம்மா மறுபடி அவர் வீட்டுக்குக் கிளம்பியபோது நான் வாசலை மறித்துக்கொண்டு நின்றேன்.

"உனக்கு ரோஷமே இல்லியா?"

"ரோஷத்த வெச்சிக்கினு நான் இன்னாடி பண்றது? அங்க போறது அவரு ஒருத்தருதான். கால்ல உழச் சொன்னாலும் உழுவேன்."

கையில் ஒரு பொட்டலம் வைத்திருந்தாள். என் உடம்பில் அளவெடுத்து, கொஞ்சம் பிடித்து, சரசு இப்போது இப்படி இருப்பாள் என்று அவளாக நினைத்துத் தைத்த ஒரு நீலப் பட்டு ரவிக்கை. அவர் வாங்கிக்கொண்டார். கிராமத்தின் அடையாளங்களை அம்மா திரும்பத் திரும்பச் சொன்னாள். "கட்டாயம் போய்ப் பார்க்கிறேன்" என்று சொன்னார்.

ஒரு மாதத்துக்குள் திரும்பி வந்தார். அம்மா ஓடினாள். "அந்தப் பக்கமெல்லாம் கலகக்காரங்க கையில இருக்குதும்மா. பெர்மிட்டே கொடுக்கல. உங்க பொட்டலத்தை ரங்கூன்ல ஒருத்தர்கிட்ட கொடுத்து அனுப்பியிருக்கேன்" என்றார். அம்மா அதை நம்பினாள். "பெர்மிட் இல்லன்னா அவரு இன்னா பண்ணுவாரு, பாவம்" என்று எனக்கே சமாதானம் சொன்னாள்.

பிறகு அவருடைய பயணக் கட்டுரை வரத் தொடங்கியது. நான் படிக்கவில்லை, அந்தப் பத்திரிகையையே வீட்டுக்குள் விடுவதை நிறுத்தியிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எதிர்வீட்டுப் பெண் தலையை முடியாமல் வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவள் பின்னாலேயே இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். ஆரம்பாக்கத்திலிருந்து மாமா கையில் பத்திரிகையோடு வந்து இறங்கினார். "எனக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பக் கூடாதா? பேப்பர்ல பாத்தா நான் தெரிஞ்சுக்கணும்?" என்று அம்மாவைக் கோபித்துக்கொண்டார். என்ன நடக்கிறதென்றே எங்களுக்குப் புரியவில்லை. மாமா கையிலிருந்ததைப் பிடுங்கிப் படித்தேன்.

அவர் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு அந்தக் கிராமத்துக்குப் போனாராம். அங்கே பொன் முலாம் பூசிய பகோடாவின் மணிகள் மாலைக் காற்றில் அழுதுகொண்டிருந்தனவாம். அந்த வரி எனக்கு நன்றாகத் தெரியும். அவர் நாவலில் வந்த வரி, அதற்கு முன்னால் சீமாட்டியின் புத்தகத்தில் இருந்த வரி. சுருட்டுப் புகைத்துக்கொண்டிருந்த ஒரு பர்மியக் கிழவி பேசாமல் ஒரு மண்மேட்டைக் காட்டினாளாம். ஒரு தமிழ்த் தாய் தன் கையால் தைத்துக் கொடுத்த நீல ரவிக்கையை அந்த மேட்டின்மேல் வைத்துவிட்டு அவர் கண்ணீர் விட்டாராம். கீழே எங்கள் தெருவையும் குறிப்பிட்டிருந்தார்.

அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. வந்தவர்கள்தான் அழுதார்கள். அந்த அழுகைக்கு நடுவில், கொல்லைப்பக்கமாக அவர் மனைவி வந்தார். முந்தானையில் எதையோ மறைத்துக்கொண்டு வந்து அம்மா மடியில் வைத்தார். அதே பொட்டலம், கட்டிய நூல்கூடப் பிரிக்கவில்லை.

"பொட்டி அடியில கெடந்துச்சுக்கா. அவரு எங்கயும் போகல. பெர்மிட்டும் கேக்கல. ரங்கூன்ல ஒரு ஊட்டு மாடியில உக்காந்து எழுதிக்கினு இருந்தாராம். கூடப் போனவரே சொன்னாரு" என்றார். பிறகு முகத்தைப் பொத்திக்கொண்டு, "நான் எந்த மூஞ்சியோட உங்களப் பாக்கிறது?" என்று அழுதார்.

அம்மா எழுந்தாள். வந்திருந்த அத்தனை பேரும் பின்னால் வர, அடுத்த வீட்டு வாசலில் போய் நின்றாள். அவர் சட்டையில்லாமல், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். பொட்டலத்தைப் பார்த்ததும் மனைவியைத் தேடினார். அப்புறம் எப்போதும் போலச் சிரித்தார்.

"அம்மா, நீங்க படிச்சவங்க இல்ல, உங்களுக்குப் புரியறது கஷ்டம். டீச்சருக்குப் புரியும். படிக்கிறவன் முடிவு கேப்பான். என்ன ஆச்சுன்னு தெரியலன்னு எழுதினா ஒத்துக்குவானா?"

"தெரியலன்றதுலதான் சார் நான் இத்தினி வருஷமா உசுரோட இருக்கேன்" என்றாள் அம்மா.

அவர், "அடுத்த பதிப்புல பார்க்கலாம்மா" என்று முணுமுணுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். கதவைச் சாத்தின சத்தம் கேட்டது. அடுத்த பதிப்பும் வந்தது. மண்மேடு அப்படியே இருந்தது.

அம்மா திரும்பி, அழுதுகொண்டிருந்தவர்களைப் பார்த்து, "யாரும் தலை முழுக வேணாம். அவங்கவங்க ஊட்டுக்குப் போங்க. நாஷ்டா சாப்பிடாம வந்திருப்பீங்க" என்றாள். மாமா மட்டும் தயங்கினார். அவருக்கு எதை நம்புவதென்று தெரியவில்லை. பேப்பரில் போட்டிருக்கிறதே என்று ஒரு தடவை சொல்லியும் பார்த்தார். அம்மா அவரை ஏறிட்டுப் பார்த்த பார்வையில் பத்திரிகையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

அந்த வருஷமே நான் கும்மிடிப்பூண்டிப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றல் வாங்கிக்கொண்டேன். அதன்பிறகு அவரை நான் பார்க்கவில்லை. செத்தபோது, பர்மாவைத் தமிழனின் கண்முன் கொண்டுவந்து நிறுத்தியவர் என்று எழுதினார்கள். அவரைப் படித்து வளர்ந்த இன்னொருவர், அவரும் கப்பல் ஏறாதவர்தான், அகதிகளைப் பற்றி ஒரு நாவல் எழுதினார். அதிலும் ஒரு பொன் பகோடா, ஒரு கிழவி, ஒரு மண்மேடு. நீல ரவிக்கை மட்டும் சிவப்பாகியிருந்தது. முன்னுரையில், நேரில் போய்ப் பார்த்த ஒரு மூத்த எழுத்தாளரின் பயண நூல் தனக்கு ஆதாரம் என்று நன்றி சொல்லியிருந்தார். அதை அம்மாவிடம் சொல்லவில்லை.

புது ஊரில் அக்கம்பக்கத்தார் வந்து விசாரிப்பார்கள். எத்தனை பிள்ளைகள் என்று கேட்பார்கள். அம்மா ஒரு நாளும் யோசித்ததில்லை.

"ரெண்டு பொண்ணு. பெரியவ டீச்சரா இருக்கா. சின்னவ பர்மாவுல இருக்கா."